ஈரத்துணிக்குள் ஒரு முகம்

செத்துப் பல கோடி வருஷம் ஆனவற்றுக்கு மூஞ்சி செய்வதுதான் என் வேலை. அருங்காட்சியகத்தின் பின்பக்கம், வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி, தகரக் கூரை போட்ட பட்டறை என்னுடையது. எலும்பு டாக்டர் எலும்பைக் கொடுப்பார். அவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, கல்லுக்குள் புதைந்து கல்லாகவே ஆகிப்போன எலும்புகளைப் படித்தவர். அவர் தரும் அளவின்மேல் களிமண்ணால் சதை வைத்து, தோலுக்குச் சுருக்கம் கீறி, கண் பதித்துக் கொடுப்பேன். "நிஜமாவே இப்படித்தான் இருந்துச்சா?" என்று பார்க்க வருகிறவர்கள் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூட நின்று பார்த்தவள் மாதிரி நான் என்ன பதில் சொல்வது?

எலும்புக்கூடு நிறுத்துகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கிடைக்காத எலும்புக்குப் பதிலாகப் பிளாஸ்டரில் ஒன்றைச் செய்து வைத்து, அதற்குச் சாம்பல் நிறம் அடித்துவிடுவார்கள். பழுப்பாக இருந்தால் நிஜம், சாம்பலாக இருந்தால் ஊகம். யார் காதிலும் பூ சுற்றவில்லை என்று நிம்மதியாகத் தூங்கலாம். சதை வைக்கிற எனக்கு அந்த வசதி கிடையாது. வாய் ஒன்று திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மூடியிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் "தெரியாது" என்று ஒரு மூஞ்சியைச் செய்ய எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த வருஷம் வந்தது ஒரு கடல் மிருகம். சுண்ணாம்புக்கல் வெட்டும் இடத்தில் முன்னொரு காலத்தில் கிடைத்து, கிடங்கில் தூசி குடித்துக்கொண்டு கிடந்தது. பஸ்ஸைவிட நீளம். துடுப்பு மாதிரி நான்கு கைகள். தலை மட்டுமே ஒரு கட்டில் அளவு, அதில் முக்கால்வாசி தாடை. விலாவுக்குள் ஒரு கூடை நிறையச் சின்ன எலும்புகள் இருந்தன. அதே இனத்துக் குட்டி ஒன்றின் எலும்புகள்.

"தின்னிருக்கு," என்றார் எலும்பு டாக்டர், பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி. "தன் இனத்துக் குட்டியவே முழுசா உள்ள தள்ளியிருக்கு."

அருங்காட்சியக நிர்வாகிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தன் இனத்தையே தின்ற கடல் அரக்கன் என்று சுவரொட்டிக்கு அப்போதே வாசகம் எழுதிவிட்டார். "மூஞ்சியப் பார்த்தா குலை நடுங்கணும், புரியுதா?" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். புரியாமல் என்ன.

உடம்பை நுரைப்பஞ்சிலும் கம்பியிலும் செய்து கூடத்தில் தொங்கவிட்டாயிற்று. தலையைப் பட்டறையில் களிமண்ணில் ஆரம்பித்திருந்தேன். அப்போதுதான் தங்கை ஒரே ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அவள் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். எனக்கும் அவளுக்கும் பத்து வயசு வித்தியாசம், அதனால் எனக்கு அவள் எப்போதும் குட்டிதான். அவளுக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. ஏன் என்று தெரியவில்லை, சில சமயம் இப்படி ஆகிவிடுகிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவள் மாமியாருக்கு அந்தப் பதில் போதவில்லை. ஏழாம் மாதம் வரை இவள் நீச்சல் குளத்தில் இறங்கியதுதான் காரணம் என்று முடிவு கட்டி, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னார். கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த புருஷனைவிட்டு இவள் கிளம்பி வந்துவிட்டாள்.

நான் ஃபோன் போட்டு அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு தண்ணில குதிச்சு குதிச்சே முடிச்சுட்டா," என்றார் அவர். "நான் ஒண்ணும் இட்டுக்கட்டிச் சொல்லல."

"டாக்டரே தெரியலன்னு சொல்லிட்டாரு. உங்களுக்கு மட்டும் எந்த ஆஸ்பத்திரில சொன்னாங்க?" என்றேன்.

அவர் வைத்துவிட்டார். தங்கை சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்காக நீ ஒருத்திதான்க்கா இருக்க," என்றாள். அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டேன்.

வீட்டில் தனியாக விட மனசில்லாமல் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். களிமண் காய்ந்து வெடிக்காமலிருக்க ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் தலையின்மேல் ஈரத்துணி போர்த்திவிட்டு வருவது வழக்கம். துணி கண்குழியில் உள்வாங்கி, தாடையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டுத் தங்கை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாருக்கா அது?" என்றாள்.

'என்ன அது' என்று கேட்கவில்லை. நான் சிரித்துச் சமாளித்துத் துணியை எடுத்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

ஆனாலும் அவள் வந்தது எனக்கு உதவியாகத்தான் இருந்தது. தண்ணீரில் தோள் எப்படிச் சுழலும், கழுத்து எங்கே மடியும் என்பதை எலும்பு சொல்லாது. அவளை நீள பெஞ்சில் குப்புறப் படுக்க வைத்து, நீந்துவதுபோலக் கையை வீசச் சொல்லிப் பார்த்து வரைந்துகொண்டேன். ஒவ்வொரு வீச்சுக்கும் தலையைத் திருப்பி மூச்சு வாங்குவதையும் சேர்த்தே செய்து காட்டினாள். எனக்குத் தோளும் கழுத்தும் போதும். மூஞ்சிப் பக்கம் நான் பார்க்கவில்லை.

"கரெக்டா செய்யறாங்க," என்றார் எலும்பு டாக்டர் எட்டிப் பார்த்து. "இதுக்கும் செவுள் கிடையாது. நம்ம மாதிரி மேல வந்துதான் மூச்சு வாங்கியாகணும்."

பகல் முழுக்கத் தங்கை வாயே திறக்க மாட்டாள். அந்தத் தலைக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதற்கு முதுகைக் காட்டி உட்காரப் பிடிக்கவில்லை என்றாள். சாயங்காலம் டாக்டரும் மற்றவர்களும் கிளம்பிப் போனதும் பேச ஆரம்பிப்பாள். தினமும் அதே பேச்சுதான். அன்றைக்குக் காலையில் எழுந்தது, வயிற்றுக்குள் அசைவு இல்லாதது, குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தது, இடப்பக்கம் திரும்பிப் படுத்தது, ஆஸ்பத்திரியில் அந்தக் கருவியை வயிற்றில் வைத்த நர்ஸ் சட்டென்று பேச்சை நிறுத்தியது. நான் களிமண்ணைத் தேய்த்துக்கொண்டே "ம்" கொட்டுவேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதும், துணியை நனைத்துத் தலையில் போட்டுவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்குக் கிளம்புவோம்.

மூஞ்சி மாறுவதை நான் கவனித்தது அந்த நாட்களில்தான்.

ஒரு நாள் காலையில் துணியை எடுத்தபோது வாய் கூடுதலாகப் பிளந்திருந்தமாதிரி தெரிந்தது. ஈரக் களிமண், தாடை கனம், கீழே இறங்கியிருக்கும் என்று முட்டுக் கொடுத்துச் சரிசெய்தேன். மறுநாள் புருவமேடு தடித்திருந்தது. களிமண் கீழே இறங்கும், சரி. மேலே ஏறுமா? கண்ணுக்குக் கீழே நான் வைக்காத ஒரு பள்ளம் வேறு விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தோடு பார்க்கும்போது, பசியில் கடிக்கிற மிருகம் மாதிரி இல்லை. என்ன செய்கிறோம் என்று தெரிந்தே கடிக்கிற ஏதோ ஒன்று மாதிரி இருந்தது.

முடிந்த களிமண் தலைக்கு அச்சு எடுக்கிறவனைப் பிடித்தேன். தலைமுடியில் எந்நேரமும் பிளாஸ்டர் அப்பிக்கொண்டிருப்பதால் அவனுக்கு எங்களிடையே சிமெண்ட் என்று பெயர்.

"என் வேலைல கை வச்சியா நீ?"

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றான் சிமெண்ட். "ராத்திரி எந்திரிச்சு கொட்டாவி விடுது போல. பாவம், எத்தனை கோடி வருஷத் தூக்கம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதியம் சாப்பிடப் போகும்முன் மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் இடையே ஒரு குச்சியை நிறுத்தி, இடைவெளியைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். மறுநாள் காலையில் அதே குச்சியை வைத்துப் பார்த்தால் பிடிமானம் இல்லாமல் உள்ளே விழுந்தது. பட்டறைச் சாவி என் பையில்தான் இருந்தது. தங்கை என் பக்கத்தில்தான் படுத்திருந்தாள், அவளைச் சந்தேகப்படவும் வழியில்லை. யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் துணியை எடுக்கும்முன் கை ஒரு நொடி தயங்க ஆரம்பித்தது.

அந்த வாரத்தில்தான் தங்கை பகலில் வாயைத் திறந்தாள். எலும்பு டாக்டர் டீயோடு வந்து நின்றிருந்தார்.

"சார், அது தின்னுச்சுன்னு எப்படித் தெரியும்?" என்றாள்.

"வயித்துக்குள்ள இருக்கேம்மா."

"வயித்துக்குள்ள இருந்தா தின்னதுதானா?"

டாக்டர் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டார். அவர் நல்ல மனுஷர், கேள்வி பிடித்துப்போனால் வயசு பார்க்காமல் யோசிப்பார். "இந்த இனத்துல முட்டை போடாம குட்டி போட்டதும் உண்டு," என்றார் மெதுவாக. "பிறக்காத குட்டியாவும் இருக்கலாம். பழைய ஆளுங்க தின்னதுன்னு எழுதி வச்சாங்க, நானும் அப்படியே எடுத்துக்கிட்டேன். பார்த்துச் சொல்லிரலாம்மா. தின்ன எலும்பா இருந்தா வயித்து அமிலம் அரிச்சிருக்கும், மேல குழிகுழியா தெரியும். பிறக்காததா இருந்தா வழவழன்னு இருக்கும்."

அன்றிலிருந்து தங்கை மாறிவிட்டாள். காலையில் எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள். சாப்பிட்டாள். டாக்டரின் அறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மிருகத்தின் தீர்ப்பைத் தன் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. வேண்டாம் குட்டி, அது வேறு நீ வேறு என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினாள், காதில் வாங்கவில்லை. டாக்டர் தின்றதுதான் என்று வந்து சொன்னால் இவள் என்ன ஆவாள் என்று எனக்கு உள்ளுக்குள் உதறிக்கொண்டேயிருந்தது.

டாக்டர் திரும்பி வந்தபோது பேய் அறைந்தமாதிரி இருந்தார்.

"குழி இருக்கு," என்றார். தங்கையின் கை என் முழங்கையைப் பிடித்தது. "ஆனா எல்லா எலும்புலயும் இருக்கு. பெருசோட விலாவுல, துடுப்புல, முதுகுல, எல்லாத்துலயும். அந்தக் காலத்துல சுண்ணாம்புக்கல்லைக் கரைக்க மொத்தத்தையும் அமிலத் தொட்டில ஊற வச்சோம். நானும் கூட நின்னு ஊத்தினவன்தான். அதுல வந்த குழி எது, வயித்துல வந்த குழி எதுன்னு இனிமே பிரிக்க முடியாது. நாங்களே கழுவி விட்டுட்டோம்மா."

"அப்ப?" என்றாள் தங்கை.

"தெரியாது. இனிமே யாருக்கும் தெரியாது."

நிர்வாகியிடம் டாக்டரே போய்ச் சொன்னார். சொல்லவில்லை என்றால் மனசாட்சி உறுத்தும் என்றார். நிர்வாகி தலையில் கைவைத்துக்கொண்டு, அரக்கன் என்கிற வார்த்தையை மட்டும் எடுத்துவிட ஒப்புக்கொண்டார். மூஞ்சி உங்கள் பாடு, சீக்கிரம் முடித்துக்கொடுங்கள் என்று எனக்குச் சொல்லியனுப்பினார்.

"பார்த்தியா," என்றேன் தங்கையிடம். "தின்னுச்சுன்னு யாரும் சொல்ல முடியாது."

"தின்னலன்னும் சொல்ல முடியாது," என்றாள். "நீ எப்படிக்கா செய்வ, மூஞ்சிய?"

அன்றைக்கு முழுக்க எல்லோர்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

அச்சு எடுக்கும்முன் களிமண்ணில் கீறல், மேடுபள்ளம் இருக்கிறதா என்று பார்க்கச் சிமெண்ட் ஒரு வழக்கம் வைத்திருக்கிறான். ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்பான். நேர் வெளிச்சத்தில் தெரியாததெல்லாம் அப்போது நிழல் கட்டிக்கொண்டு எழுந்து நிற்கும். மறுநாள் மத்தியானம் அப்படித்தான் பிடித்தான். கண்ணைச் சுற்றி, புருவமேட்டில், வாயின் இரண்டு ஓரங்களிலும் விரல் ரேகைகள். அழுத்தி அழுத்தி இழுத்த கட்டை விரல் தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் குறுக்கே ஒரு கோடு ஓடியது.

"அடேயப்பா, பேயக் கண்டுபிடிச்சாச்சு," என்றான் சிமெண்ட். "உன் கை காட்டு."

என் வலது கட்டை விரலில், எப்போதோ உளி பட்ட தழும்பு குறுக்கே ஓடுகிறது. நான் அதைப் பார்த்தேன், களிமண்ணைப் பார்த்தேன். ராத்திரி எதுவும் நடக்கவில்லை. சாயங்காலம் நடந்திருக்கிறது. தங்கை அழுதுகொண்டே சொல்லச் சொல்ல நான் "ம்" கொட்டிக்கொண்டு தேய்த்த நேரத்தில், இந்த விரல் வாயைப் பிளந்திருக்கிறது, புருவத்தை ஏற்றியிருக்கிறது, கண்ணுக்குக் கீழே பள்ளம் தோண்டியிருக்கிறது. நான் அதைப் பார்க்காமலே துணியைப் போட்டு மூடிவிட்டு, மறுநாள் காலையில் பார்த்துப் பயந்திருக்கிறேன்.

விளக்கு அப்படியே இருந்தது. தங்கை ஸ்டூலைவிட்டு எழுந்து கிட்டே வந்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் கண்ணுக்குக் கீழே தொட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவளுக்கு விழுந்த பள்ளம் அது.

"இது நான்தானே?" என்றாள்.

சிமெண்ட் விளக்கை அணைத்துவிட்டு, வெளியே வேலை இருப்பதாக ஏதோ முனகிக்கொண்டு போய்விட்டான்.

"உன்னைப் பார்த்துதானே வரைஞ்சேன் குட்டி," என்றேன். "சாயல் வரத்தான் செய்யும். கைக்குப் பழக்கம்."

"தோளைத்தானேக்கா பார்த்து வரைஞ்ச."

ஒரு காலை நேரம் நினைவுக்கு வந்தது. அவளுக்கு ஏழாம் மாதம். ஃபோனில் கூப்பிட்டபோது குளத்தில் இருப்பதாகச் சொன்னாள். இன்னும் என்னடி நீச்சல், போதும் என்றேன். தண்ணீரில் மிதக்கும்போதுதான் உள்ளே அசைவது நன்றாகத் தெரிகிறது என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவேயில்லை. நான் சொன்னதைக் கேட்டிருக்கலாமே, கொஞ்சம் கேட்டிருக்கலாமே என்று எனக்குள் எங்கோ ஒரு மூலையில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. மாமியாரிடம் கத்தியபோதும் ஓடியிருக்கிறது, இவளுக்குச் சோறு போட்டபோதும் ஓடியிருக்கிறது. அதை வாய் சொல்லவில்லை, விரல் சொல்லிவிட்டது.

"இடிச்சுட்டு வேற செய்யறேன்," என்றேன்.

"ம்," என்றாள், நான் சாயங்காலங்களில் சொல்வதைப் போலவே.

புதிதாகச் செய்தேன். இந்த முறை தங்கையை வீட்டிலேயே இருக்கச் சொன்னேன், ஒவ்வொரு அழுத்தத்தையும் கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்தேன். வாயை மூடினேன். புருவத்தைத் தணித்தேன். விலாவுக்குள் இருக்கும் குட்டிக்காகவே மெதுவாக நீந்துகிற ஒரு தாயின் மூஞ்சி வந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அதுவும் ஊகம்தான், முதலில் செய்ததைவிடக் கொஞ்சமும் நிஜமில்லை என்று எனக்குத் தெரியும். கூடம் திறந்த அன்று ஜனங்கள் அண்ணாந்து பார்த்து உச்சுக்கொட்டினார்கள். டாக்டர் அறிவிப்புப் பலகையில், குட்டி பிறக்காததா, தின்னப்பட்டதா என்று தெரியவில்லை என எழுதியிருந்தார். அதை யாரும் படிக்கவில்லை.

தங்கையும் வந்திருந்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குக்கா, வாயை மூடிட்ட," என்றாள். திட்டியிருந்தாலாவது நான் அவள் காலில் விழுந்திருப்பேன். அதற்குள் பழைய வேலையில் மறுபடி சேர்ந்து, குளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். அவள் தேறிவிட்டாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். "சாயங்காலம் குளத்துப் பக்கம் வாயேன். புள்ளைங்க போனப்புறம் நான் நீந்துவேன். நான் நீந்தி நீ பார்த்ததே இல்ல, பெஞ்சுல படுக்க வச்சுதான் பார்த்திருக்க."

போனேன். குழந்தைகள் ஈரத்தலையோடு அம்மாக்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். தண்ணீர் அடங்கிக் கிடந்தது, மஞ்சள் வெயில் அதன்மேல் சாய்ந்து விழுந்தது. சிமெண்டின் கைவிளக்கு நினைவுக்கு வந்தது, வேண்டாம் என்று தள்ளினேன். தங்கை அந்தக் கோடியில் நின்று கை காட்டிவிட்டு, சத்தமே இல்லாமல் உள்ளே போனாள்.

தண்ணீருக்கடியில் ஒரு நிழல் வந்துகொண்டிருந்தது. நீளமாக, அவசரமே இல்லாமல், கையும் காலும் துடுப்பாக விரிந்து மடங்க, நான் நின்ற கரையை நோக்கி நேராக வந்தது. எவ்வளவு அழகாக நீந்துகிறாள் என்று நினைத்தேன், நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். நிழல் கிட்டே வந்து மேலே எழுந்தது. முதலில் கண் வந்தது, அதன் கீழே பள்ளம் வந்தது. பிறகு வாய் பெரிதாகப் பிளந்தது.

நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். பெஞ்சு காலில் இடித்தது.

அவள் கரையைப் பிடித்துக்கொண்டு, முகத்திலிருந்து தண்ணீர் வழிய, நான் விட்டு விலகிய அந்த இடத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். குரலில் கோபம் துளியும் இல்லை.

"மூச்சு வாங்கத்தான்க்கா வாயத் தொறந்தேன்," என்றாள்.